காலண்டர் தாளின் பின்பக்கம்

நம் வீட்டு முன்னறையில், பெருமாள் படத்துக்கும் சுவிட்ச் போர்டுக்கும் நடுவில், மாதா படம் ஒட்டிய தினசரி காலண்டர் ஒன்று தொங்குகிறது. அதில் ஒரு தாள்கூடக் கிழிக்கப்படவில்லை. வருஷம் ஒன்றுக்கு மேல் ஆகியும் ஜனவரி ஒன்றாம் தேதியையே காட்டிக்கொண்டிருக்கிறது. பெரியவளே, உன் வகுப்புத் தோழி வந்தபோது, "உங்க வீட்ல மாதா எப்படி?" என்று கேட்டாளாம். நீ வந்து என்னிடம் கேட்டாய். "ஆணி சும்மா இருந்துச்சும்மா, மாட்டினேன்" என்றேன். அது பொய்.

போன வாரம் சின்னவன் அம்மாவின் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "அப்பா, முசிறிகிட்ட ஒரு கோயில் தூண்ல டெலஸ்கோப் இருக்காம்ப்பா! வெளிநாட்டு விஞ்ஞானிங்க வந்து பாத்துட்டு, கண்ணாடியைக் கழட்டிட்டுக் கைகூப்பினாங்களாம். நிஜமாப்பா?"

நான் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய முகம்தான்.

இரண்டு பேர் கேட்டதற்கும் பதில் ஒன்றுதான். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நான் பிளஸ் டூவோடு நின்றவன். அடுத்தவர் எழுதியதை டைப் அடித்தே இருபத்தைந்து வருஷம் போய்விட்டது. சொந்தமாக எழுதியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் வந்த வினைதான் இது.

எங்கள் அச்சகம் தினசரி காலண்டர் போடுவது உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வருகிற காலண்டர்களில் ஸ்ரீரங்கத்து உற்சவங்கள் விவரமாக இருக்காது. எந்த நாள் என்ன புறப்பாடு என்பதெல்லாம் எங்கள் தாளில் இருக்கும். அதனால் கடைக்காரர்கள் எங்களிடம் வாங்குவார்கள். தாளின் முன்பக்கம் பஞ்சாங்கம் தெரிந்தவர் எழுதிக் கொடுப்பது. நல்ல நேரம், ராகு காலம், திதி, நட்சத்திரம். அதில் ஒரு புள்ளி மாறினாலும் சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்று மூன்று பேர் சரிபார்ப்போம். பின்பக்கம் என் பொறுப்பு. அதை யாரும் சரிபார்ப்பதில்லை.

"பின்பக்கம் வெள்ளையா இருந்தா தாள் வீணாப் போன மாதிரி இருக்கும். நல்ல விஷயமா நாலு வரி போடுய்யா" என்பார் முதலாளி. சுக்கின் பயன், எறும்பு வராமல் இருக்க வழி, கோயில் தகவல், பொது அறிவு என்று வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து வேண்டும். பழைய பத்திரிகைகளிலிருந்து எடுப்பேன். யாராவது சொன்னதையும் போடுவேன்.

பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். ஆடி பிறப்பதற்குள் தாள் வேலை முடிய வேண்டும். பதினோரு தாள் பாக்கி. அப்போது காகிதம் இறக்க வந்த வேன் டிரைவர், முசிறிப் பக்கத்துக்காரர், டீ குடித்துக்கொண்டே சொன்னார். "எங்க பக்கம் ஒரு பெருமாள் கோயில் தூண்ல ஒரு ஆளு குழாயைக் கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டு நிப்பான் சார். அந்தக் காலத்துலயே டெலஸ்கோப்பு!"

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு டைப் அடித்தேன். ஊர், கோயில், தூண், குழாய் எல்லாம் சேர்த்து இரண்டரை வரிதான் வந்தது. கட்டம் நாலு வரிக்கானது. மீதி ஒன்றரை வரி வெள்ளையாக நின்றது. அதை நிரப்ப இப்படி எழுதினேன்: "இதை ஆராய்ந்த வெளிநாட்டு விஞ்ஞானிகள் வியந்து, தங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினர்." வரி சரியாகக் கட்டத்தின் ஓரத்தில் போய் முடிந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. அடுத்த தாளுக்குப் போனேன். வெந்தயத்தின் பயன்கள்.

நடந்தது அவ்வளவுதான். எந்த விஞ்ஞானியும் வரவில்லை. யாரும் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஒன்றரை வரி காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

இனி அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவன். பாலக்கரைக்காரன். பிற்பாடு ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தான். பள்ளியிலேயே அவனுக்கு 'யாருபாத்தா' என்று பட்டப்பெயர். மரத்தடியில் பேய் என்று யாராவது சொன்னால், "யாரு பாத்தா?" என்பான். தலைமையாசிரியர் மாற்றலாகிப் போகிறார் என்றாலும், "யாரு பாத்தா?" சண்டைக்குக் கேட்கிற கேள்வி இல்லை அது. பார்த்தவன் யாரென்று தெரிந்தால் அவனிடம் நேரே போய்க் கேட்டுக்கொண்டு வந்துவிடுவான்.

ஒருமுறை எங்களுக்கு வந்த காகிதம் சொன்ன தடிமன் இல்லை என்று முதலாளிக்குச் சந்தேகம். நான் இவனிடம் சொன்னேன். மறுநாள் திருகு அளவி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தான். நான் ஆர்வமாகத் தாளை நீட்டினேன்.

"இரு. முதல்ல ஒண்ணும் வைக்காமத் திருகு" என்றான்.

"தாளை வச்சுத்தானேடா அளக்கணும்?"

"ஒண்ணும் இல்லாதப்பவே ஏதாவது காட்டுச்சுன்னா, அது தாளோட தடிமன் இல்ல, இந்தக் கருவியோட தப்பு. அதைக் கழிச்சுட்டுத்தான் தாளைப் பத்திப் பேசணும்."

முதலாளி சிரித்தார். "தம்பி பொண்ணு பாக்கப் போனப்பவும் இதை எடுத்துட்டுப் போனீங்களா?"

"போனேன் சார். அளந்து பாத்ததுல என்கிட்டதான் தப்பு ஜாஸ்தி."

அன்று மூன்று இடத்தில் அளந்துவிட்டு, காகிதம் சரியாகத்தான் இருக்கிறது, சந்தேகம்தான் தப்பு என்று சொல்லிவிட்டுப் போனான்.

வருஷா வருஷம் ஜனவரி முதல் வாரத்தில் காலண்டர் வாங்க அச்சகத்துக்கு வருவான். அவனுக்கென்று ஓர் அட்டையில் மட்டும் மாதா படம் ஒட்டி வைப்பேன். கீழே தாள்கட்டு எல்லாருக்கும் உள்ளதுதான். ஏகாதசி, பகல் பத்து, இராப் பத்து எல்லாம் அதில் இருக்கும். "என் வீட்டுக்காரிக்கு இது இல்லாம முடியாதுடா. ஸ்ரீரங்கத்துல என்னிக்குக் கூட்டம், காவிரிப் பாலம் என்னிக்கு அடைச்சுக்கும்னு இதைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறா" என்பான்.

எல்லாரிடமும் போன் வந்த பிறகு எங்கள் பத்தாம் வகுப்புக்காரர்கள் ஒரு குரூப் ஆரம்பித்தார்கள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பழைய போட்டோ, பிறந்தநாள் வாழ்த்து. பிறகு மெல்ல மெல்ல வேறு சங்கதிகள் வர ஆரம்பித்தன. போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவன் ஒருவன் ஒன்றை அனுப்பினான். முசிறி, கோயில், தூண், டெலஸ்கோப். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக் கைகூப்பிய விஞ்ஞானிகள்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் நின்றபடியே படித்தேன். முதலில் வந்தது பயம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்னப் பெருமை வந்தது. என் வரி கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கிறதே என்று.

இவன் கேட்டான்: "யாரு பாத்தா? அந்த விஞ்ஞானிங்க பேரு என்ன? தூணைக் கிட்ட இருந்து எடுத்த போட்டோ இருக்கா?"

"உங்க ஆளுங்க சொல்ற கதைக்கெல்லாம் போட்டோ இருக்கா?" என்றான் சிங்கப்பூர்க்காரன்.

"இல்ல. அங்கயும் இதையேதான் கேட்டேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

அது உண்மை. எனக்குத் தெரியும். அவன் சொந்தக்காரர் ஒருவர், ஒரு சின்ன ஆலயத்தில் மாதா சிலையின் கண்ணிலிருந்து நீர் வருகிறது என்று எல்லாருக்கும் அனுப்பினார். இவன் அங்கே போய் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தான். மேலே செருகியிருந்த மெழுகுவத்தி உருகி வழிந்தது என்று வந்து சொன்னான். அவன் குடும்பத்திலேயே இரண்டு கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிடவில்லை. அதற்காக அவன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதை விடவும் இல்லை. இதையெல்லாம் குரூப்பில் சொல்லியிருக்க வேண்டியவன் நான். நான் சொல்லவில்லை.

"அப்ப எங்க கோயிலைப் பத்திப் பேச நீ யாரு?"

"நான் கோயிலைப் பத்திப் பேசலடா. குழாயைப் பத்திப் பேசறேன்."

"அச்சுல வந்ததுடா இது! எங்க அம்மா காலண்டர்லேருந்து எடுத்து வச்சிருந்தாங்க. நம்ம அச்சாபீஸ்காரன் இருக்கானே, அவன் சொல்லட்டும். டேய், சொல்லுடா."

எல்லாரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். "அது நான் எழுதினதுடா. வரியை நிரப்ப எழுதினேன்" என்று டைப் அடித்தேன். முதலாளி தூரத்தில் ஒரு கடைக்காரருடன் அடுத்த வருஷக் காலண்டர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இது வெளியே தெரிந்தால் அந்தக் கடைக்காரர் என்ன சொல்வார், முதலாளி என்ன சொல்வார், தெருவில் எப்படித் தலைகாட்டுவது என்றெல்லாம் ஓடியது. அடித்ததை அழித்தேன். திரும்ப அடித்தேன். திரும்ப அழித்தேன். கடைசியில், கைகூப்புகிற அந்தச் சின்னப் படம் இருக்கிறதே, அதை மட்டும் போட்டேன்.

சண்டை வேண்டாம் என்கிற அர்த்தத்தில் போட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும் என்பது போடும்போதே எனக்குத் தெரியும்.

"பாத்தியா? அச்சடிச்சவனே கும்பிட்டுட்டான்!" என்றான் சிங்கப்பூர்க்காரன். அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். "யாருபாத்தா, போய் உன் பாதிரியார்கிட்ட கேளு." "நம்ம சோத்தைத் தின்னுட்டு நம்மளையே கேள்வி கேக்கறான்." அவன் யார் சோற்றையும் தின்றதில்லை. பள்ளியில் அவன் டப்பாவில் பாதியை மற்றவர்கள்தான் தின்றோம். இரண்டு நாள் போனது இப்படி. அவன் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், அவன் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டதாக ஒரு சாம்பல் நிற வரி. அதற்குக் கீழே யாரோ ஏகாதசி வாழ்த்து அனுப்பியிருந்தார்கள்.

ஐந்து வாரம் நான் அவனுக்குப் போன் செய்யவில்லை. அவனும் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் அம்மாவிடம் காகிதம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ் ஏறினேன். வழியெல்லாம் வாழைத்தோப்பு. நான் வெளியே பார்க்கவில்லை. பெருமாளே, அது டெலஸ்கோப்பாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன். இருந்துவிட்டால் நான் பொய் எழுதியவன் இல்லை, அவனிடம் போய் நிற்க வேண்டியதும் இல்லை. பாதி வழியில்தான் திருகு அளவி ஞாபகம் வந்தது. தூணைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எனக்குள் ஓர் அளவு காட்டிக்கொண்டிருக்கிறது. இதைக் கழிக்காமல் நான் எதைப் பார்த்தாலும் டெலஸ்கோப்தான் தெரியும்.

முசிறியில் இறங்கி ஆட்டோவில் போனேன். சின்னக் கோயில். வாசலில் பளபளவென்று ஒரு பிளக்ஸ். 'உலகின் முதல் தொலைநோக்கி' என்று பெரிதாக. அதற்குக் கீழே என் நாலு வரி. நான் வைத்த காற்புள்ளிகூட அப்படியே இருந்தது.

தூணுக்கு முன்னால் நாலைந்து பேர் போனை வைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் எதிரே நின்றே எடுத்தார்கள். நானும் எதிரே நின்று பார்த்தேன். சிலையின் முகமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, சந்தனம். குழாய் கண்ணுக்குப் போவது போலத்தான் இருந்தது. மனசு ஒரு நிமிஷம் குதித்தது. பிறகு பக்கவாட்டுக்குப் போய், சுவரோடு ஒட்டி நின்று பார்த்தேன். குழாய் வாயில் இருந்தது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. அடுத்த தூணில் ஒருவன் மத்தளம் அடிக்கிறான். அதற்கடுத்ததில் ஒருவன் தாளம் போடுகிறான்.

பட்டாச்சாரியார் விளக்கைத் தூண்டிவிட்டு வந்தார். "என்ன சுவாமி, எல்லாரும் அங்க நிக்கறா, நீங்க மட்டும் இங்க நிக்கறேள்?"

"இது டெலஸ்கோப் இல்லைங்களே சாமி."

"எக்காளம். ஊதறான். எங்க தோப்பனார் காலத்துலேர்ந்து எக்காளத் தூண்னுதான் பேரு."

"அப்ப அந்த போர்டு?"

"யாரோ உபயம். காலண்டர்லயே வந்துடுத்துங்கறா, நான் என்ன சொல்லட்டும்?" குரலைத் தாழ்த்தினார். "ஜனங்க வரா. எண்ணெய் வரது. இத்தனை வருஷம் பெருமாள் இருட்டுல இருந்தார் சுவாமி."

  அவர் பொய் சொல்லவில்லை. கேட்டவனிடம் உண்மையைத்தான் சொன்னார். கேட்கத்தான் யாரும் இல்லை. நான் மூன்று இடத்திலிருந்து மூன்று போட்டோ எடுத்துக்கொண்டு, பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தேன். வெளிச்சத்தில் நன்றாகத்தான் இருந்தார்.

வந்ததும் அவனிடம் போயிருக்க வேண்டும். ஜனவரியில் எப்படியும் காலண்டருக்கு வருவான், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினேன். மாதா அட்டையை ஒட்டி மேஜைக்குப் பின்னால் வைத்தேன். முதல் வாரம் போனது. பொங்கல் வந்தது. அவன் வரவில்லை. பொங்கல் கழிந்த ஞாயிறு, காலண்டரை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பாலக்கரைக்குப் போனேன்.

"வாங்கண்ணே" என்று அவன் மனைவி கதவைத் திறந்தார். அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "வா" என்றான். வழக்கமாக, "வாடா அச்சாபீஸு" என்பான்.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வேன் டிரைவர், ஒன்றரை வரி, கண்ணாடி, கைகூப்பல், முசிறி. போனை எடுத்து மூன்று போட்டோவையும் காட்டினேன். அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தான்.

"கன்னம் உப்பியிருக்கு. ஊதறான்" என்றான். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பழைய ரெக்கார்டு நோட்டை எடுத்து வந்தான். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினான்.

என் தாள் ஒட்டியிருந்தது. பழுத்துப்போயிருந்தது. நாலு வரி. ஓரத்தில் பென்சிலில் அவன் கையெழுத்து: 'யாரு பாத்தா?'

"எப்பலேருந்துடா இது உன்கிட்ட இருக்கு?"

"அந்த வருஷம் கிழிச்ச அன்னிக்கே எடுத்து வச்சேன். படிச்சுட்டு அவளும் நானும் அப்படிச் சிரிச்சோம். உன்னைப் பாக்கறப்ப கேக்கணும்னு ஒட்டி வச்சேன். மறந்துட்டேன். அன்னிக்கே கேட்டிருந்தா அடுத்த வருஷமே திருத்தியிருப்பே. அது என் தப்பு."

"அப்ப அன்னிக்கு குரூப்ல வந்ததும்..."

"வந்ததுமே தெரியும். கண்ணாடியைக் கழட்டற விஞ்ஞானி வேற எங்க இருக்கான்?" சிரிப்பது போல இருந்தது. சிரிக்கவில்லை.

"இதை ஒரு போட்டோ எடுத்துப் போட்டிருந்தா எல்லாரும் வாயை மூடியிருப்பானுங்களேடா. ஏன் போடல?"

"அடியில பாரு. அச்சகம் பேரு இருக்கு. போட்டா உன்னை நாறடிச்சிருப்பானுங்க." நோட்டை வாங்கி மூடினான். "போட்டோ எடுத்துத்தான் வச்சிருந்தேன். நீயே சொல்லுவேன்னு இருந்தேன். ரெண்டு நாள் போனைக் கீழ வைக்கல. இவகூடத் திட்டினா. மெஷின்ல இருப்பான், அப்புறம் பாப்பான்னு சொன்னேன். நீ கும்பிட்டதுக்கு அப்புறமும் ரெண்டு நாள் பாத்தேன்."

அவன் மனைவி காபி கொண்டு வந்து வைத்தார். "என்னண்ணே, முகம் இப்படி இருக்கு?" என்றார். நான் பையிலிருந்து காலண்டரை எடுத்து நீட்டினேன். மாதா படத்தைப் பார்த்ததும் அவர் கை முன்னே வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"வேண்டாம். இப்ப தேதியெல்லாம் போன்லயே வந்துடுது" என்றான் அவன்.

"இன்னிக்கே குரூப்ல எழுதிடறேன்டா."

"எழுது. எனக்காக எழுதாத. நான் அங்க இல்ல."

காபியைக் குடித்தேன். சூடு தெரியவில்லை. வாசல் வரை வந்தான். "பாத்துப் போ. பாலத்துல கூட்டமா இருக்கும்" என்றான்.

பாலக்கரை பஸ் ஸ்டாப்பிலேயே நின்று எழுதினேன். அது நான் எழுதியது, காலி வரியை நிரப்ப எழுதியது, விஞ்ஞானி யாரும் வரவில்லை, நேரில் போய்ப் பார்த்தேன், எக்காளம் ஊதுகிறவன், யாருபாத்தாவிடம் நாம் எல்லாரும் மன்னிப்புக் கேட்க வேண்டும், முதலில் நான். மூன்று போட்டோவையும் போட்டேன். அதுவரை நானே எழுதியதில் ஒரு வரியும் நிரப்புவதற்காக எழுதாதது அது ஒன்றுதான்.

சிங்கப்பூர்க்காரன் உடனே வந்தான். "யாரு மச்சான் மிரட்டினாங்க? சொல்லு, பாத்துக்கலாம்." இன்னொருவன் அந்தக் கோயில் பிளக்ஸின் போட்டோவைத் தேடி எடுத்துப் போட்டான். "கோயில்லயே போர்டு வச்சிருக்கு. கோயிலை நம்பணுமா, உன்னை நம்பணுமா?" அது என் தாளைப் பார்த்து அடித்த போர்டுதான் என்றேன். மூன்றாமவன் கேட்டான்: "நீதான் எழுதினேன்னு என்ன ஆதாரம்?"

அத்தனை நாளில் அந்தக் குரூப்பில் அவனைத் தவிர வேறொருவர் ஆதாரம் கேட்டது அன்றுதான். அச்சகத்தில் பழைய தாள் எதுவும் இல்லை. சிங்கப்பூர்க்காரன் அம்மா எடுத்து வைத்தது வீடு மாறியபோது போய்விட்டதாம். இருந்தது ஒன்றே ஒன்று. அது பாலக்கரையில், ஒரு ரெக்கார்டு நோட்டில், அவன் பென்சில் எழுத்தோடு ஒட்டியிருந்தது. அதைப் போய்க் கேட்க எனக்கு முகம் இல்லை.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்று சொன்னேன். அவர் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "விடுய்யா, அதெல்லாம் பழைய கதை. யாரு பாக்கப் போறா?" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவா ஐந்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவனை விட்டேன் என்று இருந்தது.

அடுத்த வருஷத் தாள் கோக்கும்போது, அதே தேதியின் பின்பக்கத்தில் திருத்தம் போட்டேன். முன்பு இந்தத் தாளில் வந்த செய்தி தவறு, அந்தச் சிலை எக்காளம் ஊதுபவருடையது, நேரில் பார்த்து எழுதுகிறோம் என்று. இரண்டு வரிதான் வந்தது. மீதி இரண்டு வரியை வெள்ளையாகவே விட்டேன். நம் வீட்டில் மாட்டியிருக்கும் இந்த வருஷக் காலண்டரில் அது இருக்கிறது. கிழிக்கிற அன்று பார்க்கலாம். ஆனால் அதை யாரும் யாருக்கும் அனுப்ப மாட்டார்கள். சின்னவனுக்கு வந்தது பழையதுதான்.

மாதா காலண்டர் அவன் வேண்டாம் என்றது. வேறு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. நானே கிழிக்கவும் கை வரவில்லை. ஆணி சும்மா இருந்தது என்பது மட்டும் உண்மை.

சின்னவனே, நீ கேட்டதற்குப் பதில்: நிஜம் இல்லை. அப்பாதான் எழுதினேன். உன் வகுப்புப் பையன்களிடம் சொல். நம்ப மாட்டார்கள். என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். கேட்டால் கோபப்படாதே. அது நல்ல கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முசிறிக்குக் கூட்டிப் போகிறேன். எதிரே நின்று ஒரு தரம் பார், பக்கத்தில் போய் ஒரு தரம் பார். போகிற வழியில் மனசு என்ன வேண்டிக்கொண்டு வந்தது என்பதையும் பார்த்துக்கொள். இரண்டு பேருக்கும் இன்னொன்று. கூட்டமாகச் சேர்ந்து ஒருவனைக் கேலி செய்கிற இடத்தில் உங்களுக்கு ஒன்று தெரிந்திருந்தால், அங்கேயே, அப்போதே சொல்லிவிடுங்கள். மறுநாள் சொல்வதற்கு எடை குறைந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்தவரை அதுதான்.

போன ஐப்பசியில் அவனைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நாலு அடி தூரம். அவன்தான் முதலில் பேசினான். "பிள்ளைங்க நல்லாப் படிக்குதுங்களா?" என்றான். "படிக்குதுங்க" என்றேன். அவன் பஸ் வந்தது.

இந்த ஜனவரியிலும் ஓர் அட்டையில் மாதா படம் ஒட்டினேன். மேஜைக்குப் பின்னால், வழக்கமான இடத்தில் இருக்கிறது. மாசி வந்துவிட்டது. அச்சகக் கதவு கீச்சென்று திறக்கும்போதெல்லாம் நான் இன்னும் நிமிர்ந்து பார்க்கிறேன். கடைக்காரர்கள்தான் வருகிறார்கள்.